வெண்ணிலா கேக்கில் கருப்புப் புள்ளி

கேக்கில் மணல் விழுந்திருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் போட்டோ எடுத்து அனுப்பினார். வெட்டிய துண்டில், மஞ்சள் கேக்குக்கு நடுவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கருப்புப் புள்ளிகள். அது மணல் இல்லைங்க, வெனிலா விதை, அதுக்காகத்தான் நீங்க கூடுதலா காசு கொடுத்தீங்க என்று போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார், "ஏங்க, வெண்ணிலான்னா வெள்ளையாத்தானே இருக்கணும்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. சேலத்தில் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பேக்கரியிலிருந்து கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் கவுண்டர் வரைக்கும் போர்டில் இருப்பது 'வெண்ணிலா'தான். வெண்மை, நிலா, இரண்டும் சேர்ந்து வெண்ணிலா. நாம் பெண்பிள்ளைக்கு ஆசையாக வைக்கிற பெயர். தட்டில் வருவதும் வெள்ளையாக, உருண்டையாக ஒரு ஸ்கூப். இதற்கு மேல் யாருக்கு எதற்கு அகராதி? அந்த எழுத்தே பொருளுக்கு நிறம் பூசிவிட்டது, நான் ஒருத்தி போனில் சொல்லி அதைக் கழுவ முடியாது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அஸ்தம்பட்டியில் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்து கேக் செய்கிறேன், பெரும்பாலும் பிறந்தநாள், அப்புறம் டிசம்பரில் பிளம் கேக். என் மாமாவுக்கு ஏற்காட்டு மலைச்சரிவில், குப்பனூர் பாதைப் பக்கம், தாழ்வான இடத்தில் கொஞ்சம் காபித் தோட்டம் உண்டு. அதில் ஒரு ஓரமாக வெனிலாக் கொடிகளும். ஆக, கொடியில் தொங்குகிற காயும் தெரியும், லீ பஜாரில் விற்கிற எசென்ஸ் பாட்டிலும் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே பெயரில் என்ன குழப்பமெல்லாம் நடக்கிறது, அது கையில் காசாக எப்படி அடிக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயர். வெனிலாவின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்ல் மொழியில் அதற்கு 'த்லில்ஷோச்சிட்ல்' என்று பெயர், வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, பொருளைப் பாருங்கள்: கருப்புப் பூ. உண்மையில் பூ கருப்பில்லை, பச்சையும் மஞ்சளும் கலந்த வெளிர் நிறம். கருப்பாவது பதப்படுத்திய காய்தான். அவர்கள் கருப்பு என்று பெயர் வைத்ததை நாம் வெள்ளை நிலாவாக்கிவிட்டோம், வேடிக்கைதான்.

நடுவில் வந்தவர்கள் ஸ்பானியர்கள். அவர்கள் மொழியில் 'வைனா' என்றால் உறை, நெற்று. அதன் சின்ன வடிவம் 'வைனிய்யா', அதாவது குட்டி நெற்று. அவரைக்காய் மாதிரி நீளமாக இருப்பதைப் பார்த்து வைத்த பெயர், அவ்வளவுதான், நிறமும் இல்லை மணமும் இல்லை. அந்த வைனாவுக்கும் மூலம் லத்தீனில் வாள் உறைக்கு இருந்த சொல். அதே சொல்லைப் பிற்காலத்தில் மருத்துவர்கள் பெண் உடலின் ஒரு பகுதிக்கும் வைத்துக்கொண்டார்கள். இணையத்தில் அவ்வப்போது ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்ததுபோல் வரும் பதிவுகளுக்கு இதுதான் அடிப்படை. பிரெஞ்சில் அது வனீய் ஆனது, போர்த்துகீசியத்தில் பௌனீல்யா, ஆங்கிலத்தில் முன்னால் இருந்த ஓர் 'ஐ' கழன்று வனிலா. 1754இல் பிலிப் மில்லர் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர் இதையே செடியின் பேரினப் பெயராக எழுதிவைத்தார். நாம் சாப்பிடுவது பெரும்பாலும் அதில் வெனிலா பிளானிஃபோலியா என்கிற வகை, தட்டையான இலை கொண்டது என்று பொருள்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் வி, ஏ, என், ஐ, இரண்டு எல், ஏ. ஒரே ஒரு என். நம் ஆட்கள் பத்துக்கு எட்டுப் பேர் இரண்டு என் போட்டு ஒரு எல் போடுவார்கள். ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். 'வெண்ணிலா'வில் ண்ணி அழுத்தமாக இரட்டிக்கிறது, லா ஒற்றையாக நிற்கிறது, மனசுக்குள் இருக்கும் தமிழ் எழுத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறோம் என்பதுதான் என் முடிவு. என் கேக் டப்பா ஸ்டிக்கருக்கு நான் சரியாக எழுதிக் கொடுத்ததை டிடிபி போட்டவர் 'அக்கா தப்பா எழுதியிருக்காங்க' என்று நல்லெண்ணத்தில் திருத்தி, இரண்டு என்னோடு கட்டுக்கட்டாக அடித்துக் கொடுத்துவிட்டார். திரும்ப அடிக்கச் சொன்னால் காசு கேட்பார். கருப்பு மார்க்கரால் ஒவ்வொன்றாகத் திருத்தினால் அசிங்கம். அது தீரும்வரை அப்படியேதான் ஒட்டினேன், ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆக, அச்சுக்கு எதைக் கொடுத்தாலும் கடைசி புரூஃபை எழுத்து எழுத்தாகப் பார்த்து வாட்ஸ்அப்பில் ஓகே சொன்ன பிறகு அடிக்கச் சொல்லுங்கள், பெயர் உங்களுக்கு எவ்வளவு பழக்கமானதாக இருந்தாலும்.

தமிழில் எப்படி எழுதுவது? ஒலிக்குப் பக்கத்தில் வருவது வனிலா, வெனிலா. இரண்டில் எதுவும் சரிதான். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நம் ணகரம் கிடையாது. நான் பொருட்பட்டியலில் வெனிலா என்று எழுதுகிறேன். மெனுவில் வெண்ணிலா என்றே விட்டுவிட்டேன். இது கோழைத்தனம் என்று தமிழாசிரியையான என் அண்ணி சொல்வார். ஆனால் ஆர்டர் கொடுக்கிறவர் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார், அதைத்தான் தேடுகிறார், கேக் விற்கிற இடத்தில் இலக்கணம் பேசினால் அவர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவார். செய்முறை தேடுகிறவர்களுக்கு ஒன்று: தமிழில் வெறும் 'வெண்ணிலா' என்று தட்டினால் சினிமாப் பாட்டும் நிலாப் படமும்தான் கொட்டும், கூடவே எசென்ஸ் அல்லது ஸ்பான்ஜ் என்று சேர்த்துத் தட்டுங்கள், அப்படியே 'வெனிலா' என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

சரி, மலைக்கு வருவோம். ஏற்காடு என்றால் நமக்குக் காபி, மிளகு, ஆரஞ்சு. மாமா அங்கே வெனிலா வைத்தது 2000க்குப் பிறகு. அந்த வருடம் ஏப்ரலில் ஹுதா என்ற புயல் மடகாஸ்கரை அடித்துத் துவைத்தது. உலகத்துக்கு வெனிலா போடுகிற நாடு அது, விலை ஏறத் தொடங்கி 2003இல் பதப்படுத்திய காய் கிலோ 500 டாலர் பக்கம் போனது. கேரளாவிலும் கர்நாடகத்திலும் ரப்பருக்கு நடுவிலும் பாக்குக்கு நடுவிலும் எல்லோரும் கொடி நட்டார்கள். மாமாவும் காபிக்கு நடுவே கல்யாண முருங்கைக் கம்புகளை ஊன்றி அதில் கொடியை ஏற்றிவிட்டார். கொடி காய்க்க மூன்று வருடமாவது ஆகும். காய்க்கும்போது விலை விழுந்துவிட்டது. ஊரில் பாதிப்பேர் கொடியை வெட்டி எறிந்தார்கள், மாமா எறியவில்லை, அதற்கு அவர் பாசம் காரணமா சோம்பல் காரணமா என்று அத்தையைத்தான் கேட்க வேண்டும்.

இது ஆர்க்கிட் குடும்பத்துச் செடி. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் ஒன்று இருக்கிறது, படகு சவாரிக்கும் லேடீஸ் சீட்டுக்கும் போகிற கூட்டத்தில் நிறையப் பேர் அதை எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆயிரக்கணக்கான வகைகள் உள்ள அந்தக் குடும்பத்தில் பெரிய அளவில் சமையலறைக்கு வந்தது இந்த ஒன்றுதான். பூ காலையில் விரியும், அன்றைக்கே வாடிவிடும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிக்கு வெளியே இதற்கு மகரந்தம் சேர்க்கிற பூச்சி கிடையாது, அதனால் கொடியைக் கொண்டுபோன இடங்களிலெல்லாம் பூத்ததே தவிர காய்க்கவில்லை. 1836இல் பெல்ஜியத்தில் சார்ல் மோரன் என்ற தாவரவியலாளர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் தோட்டத்துக்கு ஒத்துவருகிற எளிய முறையைக் கண்டுபிடித்தது 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். அந்தத் தீவின் பழைய பெயர் பூர்போன். பாட்டிலில் 'பூர்போன் வெனிலா' என்று போட்டிருப்பதைப் பார்த்து அமெரிக்கச் சாராயம் கலந்திருக்கிறதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை, அது இடப்பெயர்தான்.

அந்தச் சிறுவனின் முறையைத்தான் அத்தை இன்றைக்கும் செய்கிறார். பூவை இடது கையில் பிடித்து, உதடு போன்ற இதழைக் கிழித்து, தென்னை ஈர்க்குச்சியின் முனையால் உள்ளே ஆண் பகுதிக்கும் பெண் பகுதிக்கும் நடுவே இருக்கிற மெல்லிய மடலை மேலே தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை ஒரு அழுத்து. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஒரு கொத்தில் எல்லாப் பூவையும் சேர்க்கக் கூடாது, ஏழெட்டோடு நிறுத்தினால்தான் காய் தேறும். "எல்லாத்தையும் புடிச்சு வெச்சா கொடி களைச்சுப்போயிரும் கண்ணு" என்பார். சேர்ந்த பூ கொடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், சேராதது மறுநாள் உதிர்ந்துவிடும், அதை வைத்தே கணக்குத் தெரிந்துவிடும்.

காய் முற்ற எட்டொன்பது மாதம். பறிக்கும்போது மூக்கருகே வைத்தாலும் ஒன்றும் இருக்காது, பச்சைக்காய் வாசனைதான். மணக்கிற பொருள் சர்க்கரையோடு கட்டுண்டு உள்ளே கிடக்கிறது. 63 முதல் 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம் முக்கி, சூடாகவே கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் காய் வியர்க்கும், பழுப்பாகும். அப்போதுதான் காய்க்குள் இருக்கும் நொதி அந்தக் கட்டை அவிழ்த்து, வெனிலின் என்கிற அந்த மணப்பொருளை வெளியே விடுகிறது. அப்புறம் தினமும் கொஞ்ச நேரம் வெயில், மறுபடி கம்பளி, பிறகு நிழலில் வாரக்கணக்கில், அதற்கப்புறம் மூடிய பெட்டியில் இரண்டு மூன்று மாதம். ஆறு கிலோ பச்சைக்காய் கடைசியில் ஒரு கிலோ ஆகும். இவ்வளவு வேலையைக் கேட்ட பிறகு, 50 ரூபாய் பாட்டிலில் வருவது இது இல்லை என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்றால், வெனிலின். 1858இல் கோப்லே என்ற பிரெஞ்சுக்காரர் வெனிலாவிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 1874இல் டீமன், ஹார்மன் என்ற இரு ஜெர்மானியர்கள் பைன் மரத்திலிருந்து கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டு செயற்கையாகச் செய்துவிட்டார்கள். பிறகு காகித ஆலைக் கழிவு மரச்சாற்றிலிருந்து செய்தார்கள், இப்போது பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து வரும் குவாயகால் என்ற வேதிப்பொருளிலிருந்து வருகிறது. பீவர் என்ற பிராணியின் பின்பக்கச் சுரப்பியிலிருந்து எடுக்கிறார்கள் என்று வருடா வருடம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றும். அப்படி ஒரு சுரப்பு உண்டு, ஆனால் அதைச் சேகரிக்க ஆகிற செலவுக்கு யாரும் அதை எசென்ஸ் பாட்டிலில் ஊற்ற மாட்டார்கள். நிம்மதியாக இருங்கள்.

இனி கடையில் கவனிக்க வேண்டியது. வெனிலா என்கிற சொல்லைப் பார்க்காதீர்கள், அதற்குப் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். 'எசென்ஸ்', 'ஃப்ளேவர்' என்றிருந்தால் நம் ஊரில் அது அநேகமாகத் தண்ணீர், புரோப்பிலீன் கிளைக்கால் என்கிற கரைப்பான், வெனிலின். 'எக்ஸ்ட்ராக்ட்' என்றால் காயைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு. அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு, 35 சதவீதம் ஆல்கஹாலுக்குக் குறையக் கூடாது, லிட்டருக்குச் சுமார் 100 கிராம் காய் போட்டிருக்க வேண்டும். கடையில் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதாங்கக்கா" என்பார்கள், பின்பக்கச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 'எத்தில் வெனிலின்' என்றிருந்தால் அது இயற்கையில் இல்லாத ஒன்று, வெனிலினைவிட இரண்டு மூன்று மடங்கு வீரியம், அதனால் அளவைப் பாதியாக்குங்கள், இல்லாவிட்டால் கேக்கில் மருந்து வாடை அடிக்கும். 'நேச்சர் ஐடென்டிகல்' என்றால் இயற்கை என்று பொருளில்லை. மூலக்கூறு ஒன்றுதான், பிறந்த இடம் ஆலை. நேச்சர் என்ற சொல்லைப் பெரிதாகப் போட்டு மீதியைப் பொடியாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பழுப்பு நிறத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம், கேரமல் நிறம் சேர்த்தால் எதுவும் பழுப்புதான். வெள்ளை கிரீமுக்கு நிறமில்லாத எசென்ஸ்தான் எனக்கு வசதி, அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

எக்ஸ்ட்ராக்டில் ஆல்கஹால் இருப்பதால் ஆர்டர் எடுக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். பாதிக்கு மேல் கேக் சூட்டில் போய்விடும் என்றாலும் கிரீமில் போட்டது எங்கேயும் போகாது, மதக் காரணத்துக்காக வேண்டாம் என்கிற வீடுகள் என் வாடிக்கையில் நிறைய. அவர்களுக்கு எசென்ஸ், அல்லது காயைச் சர்க்கரையில் புதைத்துவைத்த வெனிலாச் சர்க்கரை. எசென்ஸிலும் ஆல்கஹால் கலந்து சில பிராண்டுகள் வருகின்றன, அதையும் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே எக்ஸ்ட்ராக்ட் போடுவது சுலபம்: ஏழெட்டுக் காயை நீளவாக்கில் கீறி ஒரு கப் வோட்காவில் போட்டு இருட்டான அலமாரியில் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் விட்டுவிட வேண்டும், இடையிடையே குலுக்கினால் போதும். கஷ்டமான பகுதி வோட்காதான். டாஸ்மாக்குக்கு என் தம்பியை அனுப்பினேன், "கேக்குக்குக்கா" என்று அவன் சொன்னதை அங்கே யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

காய் வாங்குகிறவர்கள் விரலில் சுற்றிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு வளைந்து கொடுத்தால் நல்லது, சுள்ளி மாதிரி ஒடிந்தால் வேண்டாம். நல்ல காயின் மேல் சில நேரம் வெள்ளையாகப் பூத்திருக்கும், பார்த்ததும் பூஞ்சை என்று குப்பையில் போட்டவரை எனக்குத் தெரியும். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: ஊசி ஊசியாக மின்னினால் அது வெளியே படிந்த வெனிலின், அந்தக் காயில்தான் இந்தப் பெயரில் உண்மையாகவே வெள்ளையான ஒன்று இருக்கிறது. மங்கலாகப் பஞ்சு போல இருந்து முடை நாற்றம் அடித்தால் அது பூஞ்சை, எறிந்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், காய்ந்து போகும், காற்றுப் புகாத கண்ணாடி பாட்டில் போதும். விதையைச் சுரண்டிய பிறகு மிஞ்சும் தோலையும் சர்க்கரை டப்பாவில் போட்டுவிடுவேன்.

எங்கே காய், எங்கே எசென்ஸ்? சாக்லேட் கேக்குக்குக் காய் போடுவது வீண், கோக்கோ எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஓவனில் வேகிற ஸ்பான்ஜுக்கும் முட்டை வாடை போக அரை கிலோ கேக்குக்கு ஒரு டீஸ்பூன் சாதாரண எசென்ஸ் போதும், அதை மாவில் கடைசியாக ஊற்றாமல் வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும்போதே சேர்த்தால் கொழுப்பில் மணம் பிடித்து நிற்கும். அதிகமானால் கசக்கும். கஸ்டர்ட், ஐஸ்கிரீம், சூடு படாத பட்டர்கிரீம், இந்த மூன்றுக்குத்தான் காய் கொடுக்கிற காசுக்கு வேலை செய்யும். அரை லிட்டர் பாலுக்கு ஒன்று தாராளம். யாருக்காவது காய் போட்டுச் செய்தால் முன்கூட்டியே கருப்புப் புள்ளி வரும் என்று போட்டோவோடு அனுப்பிவிடுகிறேன், அதில் பாதிப்பேர் "அப்ப வெள்ளையாவே போட்டுருங்க" என்கிறார்கள், போட்டுக் கொடுக்கிறேன்.

மாமா வீட்டுக் காயில் கொஞ்சம் இந்த வருடமும் வந்திருக்கிறது. பால் பாயசத்தில் ஒன்றைக் கீறிப் போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஐஸ்கிரீம் உருகிப்போன மாதிரி இருக்குது, ஏலக்காய் இல்லையா வீட்ல?" என்று கேட்டார்.